நிட்டிங் பழக ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. ஒரு மஃப்ளர்கூட முடியவில்லை, பின்னப் பின்ன அகலமாகிக்கொண்டே போகிறது. நூல் மட்டும் சேர்ந்துகொண்டே போகிறது, இதுவரை பதினோரு கண்டு, 2,400 ரூபாய். வாங்குவதை எப்படி நிறுத்துவது? எல்லாருக்கும் இப்படித்தானா?

பதினோரு கண்டு, 2,400 ரூபாய் என்று கேள்வியிலேயே கணக்கும் போட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரோ கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் நாமாக உட்கார்ந்து இதையெல்லாம் கூட்டிப் பார்ப்பதில்லை.

என் பீரோவில் இருபத்து மூன்று கண்டு இருக்கிறது. அதனால் புத்தி சொல்கிற இடத்தில் நான் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் ஒரு கண்டுகூட வாங்க வழியில்லாமல்தான் இந்த வேலையையே கற்றேன். அதைச் சொன்னால் உங்களுக்கு உபயோகப்படலாம்.

அதற்கு முன்னால் ஒன்று. நான் ஆண். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஃபேப்ரிக் செக்கிங், அதாவது துணியில் குறை பார்க்கிற வேலை. "ஆம்பளைக்கு எதுக்குங்க இது" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: இந்த ஊரில் நிட்டிங் மெஷின் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். ஒரு வட்ட மெஷினில் இரண்டாயிரம் ஊசிக்கு மேல் இருக்கும். அத்தனையும் செய்வது ஒரே வேலை, கண்ணிக்குள் (நூல் வளையத்துக்குள்) கண்ணியை இழுப்பது. 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் முதல் பின்னல் எந்திரத்தைச் செய்தாரே, அது கையால் பின்னுவதைப் பார்த்துச் செய்ததுதான். இரண்டாயிரம் ஊசியை ஓட்டினால் ஆபரேட்டர், இரண்டே ஊசியைப் பிடித்தால் கேலியா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மனைவிக்கு ஊர் நீலகிரியில் கேத்தி. பிரசவத்துக்கு அங்கே போயிருந்தாள். மூன்று நாள் லீவு போட்டு 2020 மார்ச் 21, சனிக்கிழமை மேலே போனேன். மறுநாள் மக்கள் ஊரடங்கு, அடுத்த இரண்டு நாளில் நாடே பூட்டிக்கொண்டது. ஏப்ரலில் பையன் பிறந்தான். மே கடைசியில் ஈ-பாஸ் வாங்கித்தான் கீழே இறங்க முடிந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் மாமியார் வீட்டில் சாப்பாடு. (அந்த நாட்களில் சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்டவர்கள் இருந்தார்கள், எனக்கும் பாதிச் சம்பளம்தான் வந்தது. ஜாலியாக இருந்தேன் என்று சொல்லவில்லை.)

குளிர், மஞ்சு, கையில் போன். நாலாவது நாள் அத்தை ஒரு ஜோடி ஊசியைக் கொண்டுவந்து மடியில் போட்டார்கள். "சும்மா போனையே தேச்சுட்டு இருக்கீங்களே மாப்பிள்ளை, இதைப் பிடிங்க."

கேத்திக்காரர்களுக்கு ஊசி ஒன்றும் அதிசயம் இல்லை. பக்கத்தில் எல்லநள்ளியில் 1949இல் ஆரம்பித்த ஊசித் தொழிற்சாலை இருக்கிறது. இன்றைக்குக் கடையில் நாம் கேட்டு வாங்கும் போனி ஊசி அங்கிருந்து வருவதுதான். அக்கம்பக்கத்தில் அங்கே வேலை பார்த்தவர்கள் உண்டு. அத்தை வைத்திருந்தது ரொம்பப் பழையது, சாம்பல் நிற அலுமினிய ஊசி, தலையில் 8 என்று பொறித்திருந்தது. அந்த எட்டுக்குப் பின்னால் வருகிறேன்.

நூலைப் பின்பக்கம் வைத்துப் போடும் நிட் ஒன்று, முன்பக்கம் வைத்துப் போடும் பர்ல் ஒன்று, இரண்டே கண்ணிதான் மொத்த வித்தையும். முப்பது கண்ணி ஏற்றிக் கொடுத்தார்கள். இருபது வரிசை முடித்துவிட்டுப் பெருமையாக நீட்டினேன். எண்ணிப் பார்த்தால் முப்பத்தேழு! துணி கீழே குறுகி மேலே விரிந்து முறம் மாதிரி இருந்தது. இது உங்களுக்கும் நடந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மஃப்ளர் "அகலமாகிக்கொண்டே போகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். வரிசையின் முதல் கண்ணியைப் பாருங்கள். நூல் ஊசிக்கு மேலாகப் பின்பக்கம் போயிருந்தால் அந்த ஒரு கண்ணியின் இரண்டு காலும் மேலே ஏறி இரண்டு கண்ணி போலத் தெரியும், நாமும் இரண்டையும் தனித்தனியாகப் பின்னிவிடுவோம். நூலை ஊசிக்குக் கீழாகப் பின்னால் கொண்டுபோனால் சரியாகிவிடும். பர்ல் முடித்த நூலை முன்பக்கமே விட்டுவிட்டு அடுத்து நிட் போட்டாலும் ஒரு கண்ணி கூடும், அந்த இடத்தில் ஓட்டையும் விழும்.

எனக்கு அந்த ஓட்டைதான் தாங்கவில்லை. பகல் முழுக்க வெளிச்சத்தின் மேல் துணியை ஓடவிட்டு ஹோல், டிராப் ஸ்டிச், நீடில் லைன் என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறவன் நான். ஒன்பது அங்குலத்துக்கு மேல் ஒரு குறை நீண்டால் நாலு பாயிண்ட் போடுவோம், பாயிண்ட் கூடக் கூடத் துணி மோசம் என்று அர்த்தம். என் துணிக்கு நானே பாயிண்ட் போட்டுப் பார்த்தேன். எங்கள் கம்பெனி கேட் வாசலைக்கூடத் தாண்டாது.

"பிரிச்சிடலாம் மாப்பிள்ளை, நூல் எங்கயும் போயிடாது," என்றார்கள் அத்தை. உருவினார்கள். இருபது வரிசை அரை நிமிடத்தில் போனது. வயிற்றைப் பிசைந்தது.

நூல் எங்கும் போகவில்லை என்பது உண்மைதான், ஆனால் புது நூல் எங்கிருந்தும் வரவும் இல்லை. குன்னூரில் கடை மூடல், கூரியர் கிடையாது. வீட்டில் இருந்தது மாமனாரின் பழைய பழுப்பு ஸ்வெட்டர் ஒன்று, அசல் கம்பளி, இரண்டு முழங்கையும் தேய்ந்து வலையாகியிருந்தது. அவர் மத்தியானம் தூங்கும்போது அத்தை இரண்டு கையையும் பிரித்து எடுத்துவிட்டார்கள். எழுந்து பார்த்தால் கையில்லாத ஸ்வெட்டர். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

கையால் பின்னிய துணியில் இது ஒரு வசதி. ஒவ்வொரு பாகமும் அதன் வடிவத்திலேயே பின்னப்பட்டிருப்பதால் தையலைப் பிரித்தால் முழு நூலாக உருவி எடுக்கலாம். எங்கள் டி-ஷர்ட்டைப் பிரித்தால் துண்டு துண்டாகத்தான் வரும், ஏனென்றால் அது கத்திரியில் வெட்டியது. உருவிய நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டிருக்கும். நாற்காலியின் முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, பச்சைத் தண்ணீரில் நனைத்து, கீழே சின்ன கனம் தொங்கவிட்டு உலர்த்தினால் நேராகிவிடும். வெந்நீர் வேண்டாம், கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் இறுகிப்போகும். கேத்தி மஞ்சில் அது காய மூன்று நாள் ஆனது. நான் பின்னுவதும் பிரிப்பதும் நனைப்பதுமாக அதே பழுப்பு நூல் நாலு முறை ஊசியில் ஏறியது. மூன்றாவது முறையிலேயே கீழே விழுந்த கண்ணியைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தது. வேறு கலர் கைவசம் இருந்திருந்தால் முதல் பிரிப்பிலேயே இதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை ஏற்றியிருப்பேன். நீங்கள் பதினோரு கண்டில் எத்தனை மஃப்ளரை ஆரம்பித்து வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஒன்றுக்கு மேல் இருக்கும்.

நாலாவது முறை ஏற்றியது எனக்கு ஒரு தொப்பி. போனில் ஓர் அமெரிக்க அம்மா சொல்லிக் கொடுத்தார், "8 சைஸ் ஊசி, 90 கண்ணி" என்று. கையில்தான் 8 இருக்கிறதே! பத்து நாள் பின்னித் தைத்துத் தலையில் வைத்தால் உச்சியில் கிண்ணம் கவிழ்த்த மாதிரி உட்கார்ந்தது. அமெரிக்காவில் 8 என்றால் 5 மில்லிமீட்டர். நம் ஊரில் புழங்குவது பழைய பிரிட்டிஷ் எண், அதில் 8 என்றால் 4 மில்லிமீட்டர். போதாக்குறைக்கு பிரிட்டிஷ் எண்ணில் எண் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்க எண்ணில் எண் ஏற ஏறத் தடிக்கும். 50 சென்டிமீட்டர் வர வேண்டிய சுற்றளவு 41தான் வந்தது. அதனால் கடையில் ஊசி வாங்கும்போது நம்பர் சொல்லாதீர்கள், மில்லிமீட்டர் கேளுங்கள்.

தொப்பி பையனுக்குப் போனது. ஒன்றரை மாதக் குழந்தைக்குக் கொஞ்சம் தொளதொளப்புத்தான். கம்பளி குத்தும் என்று அத்தை உள்ளே ஒரு காட்டன் குல்லாய் போட்டுவிட்டார்கள்.

இதுவரைக்கும் நல்ல பிள்ளை. திருப்பூருக்கு இறங்கினதும் கெட்டேன்.

கையில் போன், ஆன்லைனில் நூல். லூதியானாவிலிருந்து வரும் ஆக்ரிலிக் நூல் எத்தனை நிறத்தில் கிடைக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மயில் கழுத்து, செங்கல், எலுமிச்சை, பாதாம். அறுபது ரூபாய் டெலிவரி சார்ஜை மிச்சம் பிடிக்க இருநூறு ரூபாய்க்கு இன்னும் இரண்டு கண்டு சேர்ப்பேன். பார்சலைப் பிரித்து நூலைக் கையில் உருட்டினாலே ஸ்வெட்டர் முடிந்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி, அப்படியே பீரோவில் வைத்துவிடுவேன். (ஆக்ரிலிக் என்றதும் முகம் சுளிப்பவர்கள் மன்னிக்கவும். பழகுகிறவனுக்கு விலை கட்டுப்படியாக வேண்டும். துவைக்கச் சுலபம், பூச்சி அரிக்காது. இஸ்திரிப் பெட்டி மட்டும் பக்கத்தில் போகக் கூடாது, சூடு பட்டால் துவண்டு பளபளவென்று ஆகிவிடும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.)

மனைவிக்கு பாட்டில் கிரீனில் ஸ்வெட்டர் பின்னுவதாகச் சொன்னேன். திருப்பூர் வெயிலில், உள்ளங்கையில் பவுடர் போட்டுக்கொண்டு, ஐந்து மாதம். நாலு கண்டு போதும் என்று என் கணக்கு. இரண்டாவது கை முழங்கை வந்தபோது நூல் தீர்ந்தது. அதே கம்பெனி, அதே கலர் நம்பர், இன்னொரு கண்டு வரவழைத்தேன். ராத்திரி ட்யூப் லைட்டில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரே மாதிரி இருந்தது. முடித்துத் தைத்துக் கொடுத்தேன். காலையில் அவள் மொட்டை மாடிக்குப் போட்டுக்கொண்டு போனாள். வெயிலில் இடது முன்கை மட்டும் மஞ்சள் தட்டியது.

"நீங்க செக்கிங்தானே?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

லாட் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூல்) மாறிப்போயிருந்தது. ஒவ்வொரு சாய லாட்டும் ஒரு சாயல் வித்தியாசப்படும் என்பது நான் சம்பளம் வாங்குகிற விஷயம். பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு என்று ஒரு பெட்டியே வைத்து, ஒரே துணியை இரண்டிலும் மாற்றி மாற்றிப் பார்ப்போம். ஒரே உடுப்பில் இரண்டு லாட் கலந்தால் கட்டிங் மாஸ்டரிடம் சண்டைக்குப் போகிறவன் நான்.

      

உங்கள் பதினோரு கண்டையும் தரையில் பரப்புங்கள். லேபிளில் லாட் நம்பர் சின்னதாக அச்சடித்திருக்கும், கலர் நம்பர் வேறு, அது வேறு. ஒரே லாட்டில் இரண்டு மூன்று கண்டு இருந்தால் மஃப்ளரை அதில் பின்னுங்கள். பத்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் பெரிதாக ஒரு சதுரம் முதலில் போட்டு, பத்து சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று வெறுமனே பின்னாதீர்கள், ஓரம் சுருண்டு குழாயாகிவிடும். கட்டிங் டேபிளில் ஜெர்சி துணி சுருளுவதைத் தினமும் பார்க்கிற நானே அப்படி ஒரு குழாய் பின்னினேன். எல்லா வரிசையும் நிட் போடுங்கள், தட்டையாக நிற்கும். தனித்தனி லாட் வந்துவிட்டால் இரண்டு வரிசைக்கு ஒரு தடவை இரண்டு கண்டையும் மாற்றி மாற்றிப் பின்னினால் வித்தியாசம் கரைந்துவிடும். இதை நான் கற்றது பச்சை ஸ்வெட்டருக்கு அப்புறம்.

வாங்குவதை எப்படி நிறுத்துவது என்று கேட்டீர்கள். எனக்குக் கடை மூடியிருந்தது, அதனால் நின்றது. வேறு வழி தெரிந்தால் நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

போன வாரம் அத்தை போன் பண்ணினார்கள். மாமனார் அந்தக் கையில்லாத பழுப்பு ஸ்வெட்டரை இன்னும் போடுகிறார், அக்குளில் ஓட்டை விழுந்திருக்கிறது. "அந்த நூல் கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கீங்களா மாப்பிள்ளை?" இருபத்து மூன்று கண்டையும் வெளியே எடுத்துப் போட்டுத் தேடினேன். பழுப்பு ஒன்றுகூட இல்லை. பையன் தொப்பியில்தான் இருக்கிறது. அவனுக்கு ஐந்து வயது, தலையில் ஏறாது. ஆனால் அவன் அம்மா அதைப் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் மடித்து வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கேத்தி போகிறோம். தொப்பியை எடுத்து என் பையில் வைத்துவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.