சிறுவயதில் பார்த்த பொம்மை விளம்பரங்களை இப்போது நினைத்தால் என்ன தோன்றுகிறது?

கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. விளக்கமாகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் பள்ளத்தூரில் எங்கள் வீட்டில் ஒரே தொலைக்காட்சிப் பெட்டி. அதில் ஒரு பந்தயக் கார் விளம்பரம் வரும். புழுதி பறக்கும், கார் வளையத்தில் தலைகீழாகச் சுற்றும், இரண்டு பையன்கள் கூச்சலிடுவார்கள். நான் ஒரு மாதம் நச்சரித்த பிறகு அப்பத்தா மதுரையிலிருந்து வாங்கிவரச் சொன்னார். ஆத்தங்குடிக் கல் பதித்த எங்கள் பட்டாலைக் கூடத்தில் கால் வைத்தாலே வழுக்கும். அங்கேயே நாலாவது கல்லில் நின்றுவிட்டது கார்.

குப்புறப் படுத்து அழுதேன். கன்னம் கல்லில், கண்ணுக்கு நேரே கார். அப்போது அது லாரி அளவுக்குத் தெரிந்தது! கேமராவையும் இப்படித்தான் தரையோடு வைத்திருப்பார்கள் என்பது பின்னாளில்தான் உறைத்தது. 1971-லேயே அமெரிக்க வர்த்தக ஆணையம் ஹாட் வீல்ஸ், ஜானி லைட்னிங் பொம்மைக் கார் விளம்பரங்களை இதே மாதிரிப் படப்பிடிப்பு வித்தைகளுக்காகக் கண்டித்திருக்கிறது. நம் ஊரில் 2022-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களும், பொருளை மிகைப்படுத்திப் பிள்ளைகளிடம் பொய்யான எதிர்பார்ப்பை வளர்க்கக் கூடாது என்கின்றன.

வேகம் சின்னப் பொய். என்னைக் கெடுத்தது வேறு. அக்கா அந்தக் காரை என்னைவிட நன்றாக உருட்டினாள். ஆனாலும் "இது பையன்களுக்கு" என்று பிடுங்கிக்கொண்டேன். விளம்பரத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. காரோடு பையன்களைக் காட்டினார்கள், ரோஜா நிற அடுப்போடு பெண் பிள்ளையைக் காட்டினார்கள், அவ்வளவுதான். பையனுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று பிரிப்பதை விளம்பரம்தான் கண்டுபிடித்தது என்று சொல்ல மாட்டேன். மரச்செப்பு வாங்கும்போது எங்கள் வீட்டிலும் அக்காவுக்கென்றுதான் வாங்கினார்கள். ஆனால் அது ஒரு பனையோலைக் கொட்டானில் கிடந்தது. கொட்டானின் மேல் யார் படமும் இல்லை. முற்றத்தில் நானும் மண்சோறு பொங்கினேன். கார்ப் பெட்டியின் பின்புறத்திலோ இன்னும் ஐந்து கார்களின் படம். கையில் இருந்த ஒன்றைவிட இல்லாத ஐந்தைத்தான் அதிகம் எண்ணினேன்.

போன மாதம் அக்காள் மகன் கைப்பேசியில் யாரோ பொம்மைப் பெட்டி பிரிப்பதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். பழைய காரைத் தேடி எடுத்து, அவனைத் தரையில் கன்னம் வைத்துப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தான்.

"அம்மான், இப்படியே நாமும் ஒரு வீடியோ எடுத்துப் போடலாமா?" என்றான்.