எந்த லைன் சார்?

கேள்வி: அமெரிக்காவுக்குத் திருட்டுத்தனமா போன குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு ட்ரீமர்ஸ்னு செல்லப்பேர் வேற. போன இதழ்ல நீங்களும் அவங்களுக்குப் பரிஞ்சு எழுதியிருக்கீங்க. என் மகன் நியூஜெர்சியில எச்-1பி விசால ஒழுங்கா வரி கட்டிக்கிட்டு கிரீன் கார்டுக்கு 12 வருஷமா லைன்ல நிக்கிறான். இந்த இளைஞர்களும் ஊருக்குத் திரும்பிப்போய் லைன்ல வந்தா என்னவாம்?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு (பெயர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்)

பதில்: உங்க மகன் நிக்கிற லைன் இருக்கு சார், ஒத்துக்கறேன். கொடுமையான லைன். ஆனா அந்தப் பசங்களுக்கு எந்த லைன்னு சொல்லுங்க? மூணு வயசுல அம்மா இடுப்புல உக்காந்து பார்டர் தாண்டி வந்த பொண்ணு, டெக்சாஸ்லயே பள்ளிக்கூடம் முடிச்சு, பதினெட்டு வயசுல லைசென்ஸ் எடுக்கப் போறப்பதான் தனக்கு அமெரிக்காவுல சட்டபூர்வமா இருக்கற பேப்பர் இல்லைனு வீட்டுல சொல்லித் தெரிஞ்சுக்கறா. அவ மெக்சிகோவுக்குப் போய் எந்த கவுண்டர்ல நிக்கணும்? வேலைக்கு ஸ்பான்சர் பண்ண கம்பெனி வேணும், இல்லைன்னா அமெரிக்க சிட்டிசனா இருக்கற நெருங்கின சொந்தம் வேணும், பெரும்பாலானவங்களுக்கு ரெண்டும் கிடையாது. இதுக்கு மேல 1996ல கிளின்டன் கையெழுத்துப் போட்ட சட்டம் ஒண்ணு இருக்கு, பதினெட்டு வயசுக்கு அப்புறம் பேப்பர் இல்லாம ஒரு வருஷம் இருந்துட்டு நாட்டைவிட்டு வெளிய கால வெச்சா, பத்து வருஷத்துக்கு உள்ள வர முடியாது. அதாவது நீங்க சொல்றபடி நல்ல பிள்ளையா திரும்பிப்போனாதான் தண்டனையே ஆரம்பிக்குது.

பள்ளிக்கூடத்துல சேர்த்துக்கிட்டதும் அந்த நாடுதான். 1982ல டெக்சாஸ் இவங்களை ஸ்கூல்ல சேர்க்க மாட்டேன்னு அடம்பிடிச்சப்ப சுப்ரீம் கோர்ட் 5-4னு தீர்ப்பு சொல்லி சேர்த்துக்கச் சொல்லிருச்சு. பன்னிரண்டாவது வரைக்கும் அரசாங்கக் காசுல படிக்க வெச்சு, தினம் காலைல கொடிக்கு முன்னாடி உறுதிமொழி எடுக்க வெச்சு, படிப்பு முடிஞ்ச மறுநாள் நீ யாருன்னு கேக்கறாங்க. வாத்தியாரா இருந்தவர் நீங்க, உங்களுக்கு இது உறுத்தலையா?

சரி, அரசியலுக்கு வருவோம். ஏதோ டெமாக்ரட் கட்சிக்காரங்க மட்டும் கத்துறாங்கன்னு நினைக்காதீங்க. 2001 ஆகஸ்ட்ல ட்ரீம் ஆக்ட்ங்கற மசோதாவை செனட்ல, அதாவது மேல்சபைல, கொண்டுவந்தது ரெண்டு பேர், இல்லினாய் டெமாக்ரட் டிக் டர்பின், யூட்டா ரிபப்ளிகன் ஆரின் ஹாட்ச். சின்ன வயசுல வந்தியா, படிச்சியா, தப்புத்தண்டா பண்ணலையா, அப்ப படிப்படியா சட்டபூர்வமா இருக்க வழின்னு ஒரு சாதாரண மசோதா. விசாரணைக்கு தேதி குறிச்சது செப்டம்பர் 12. முந்தின நாள் நியூயார்க்ல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு வயிறு எரியறது. 2010 மே மாசம் அரிசோனா டூசான்ல ரிபப்ளிகன் செனட்டர் மெக்கெய்ன் ஆபீஸ்ல, பட்டமளிப்பு அங்கியும் தொப்பியுமா சில பேர் போய் உக்காந்துட்டாங்க, பிடிச்சா நாடு கடத்துவாங்கன்னு தெரிஞ்சேதான். மெக்கெய்ன் யாரு? ஒரு காலத்துல இதே மசோதாவுக்கு துணையா கையெழுத்துப் போட்டவர், அந்த வருஷம் உட்கட்சித் தேர்தல் நெருக்கடி வந்ததும் பார்டர்ல வேலியைக் கட்டுன்னு விளம்பரம் கொடுத்துக்கிட்டிருந்தார். டிசம்பர் 8ந்தேதி கீழ்சபைல 216-198ல பாஸ் ஆச்சு. 18ந்தேதி செனட்ல ஓட்டெடுப்பு, மேல கேலரில அதே அங்கியோட பசங்க உக்காந்து பாத்துக்கிட்டிருக்காங்க, விவாதத்தை முடிச்சு மசோதாவை நகர்த்தவே அறுபது ஓட்டு வேணும், விழுந்தது 55. அஞ்சு ஓட்டுல போச்சு. எதிர்த்து ஓட்டுப் போட்ட டெமாக்ரட்டுங்க எத்தனை பேர்னு நினைக்கிறீங்க? சரியா அஞ்சு பேர்! மூணு ரிபப்ளிகன்ஸ் ஆதரிச்சாங்க, மெக்கெய்ன் எதிர்த்தார். மசோதாவை முதல்ல கொண்டுவந்த ஹாட்ச் அன்னிக்கு ஓட்டுப்போடவே வரல.

ஒபாமா பக்தர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாங்கன்னு தெரியும், அதனால அவர் கதையையும் சொல்லிடறேன். அவர் ஆட்சியில வருஷத்துக்கு நாலு லட்சம் பேர் பக்கம் நாடு கடத்தப்பட்டாங்க. பசங்க கேட்டா காங்கிரஸ் (அவங்க நாடாளுமன்றம்) சட்டம் போடாம நான் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு கையை விரிச்சார். 2012 ஜூன்ல டென்வர்ல அவரோட தேர்தல் ஆபீசுக்குள்ளயே போய் ரெண்டு பேர் உண்ணாவிரதம் உக்காந்தாங்க, அந்த மாசம் 15ந்தேதி இந்தப் பசங்களை நாடு கடத்தாம தற்காலிகமா விட்டுவைக்கற டாகா திட்டம் வந்துருச்சு, நவம்பர்ல எலக்‌ஷன். பிள்ளையையும் கிள்ளிவிட்டு தொட்டிலையும் ஆட்டுறது நம்மூர் கட்சிகளுக்கு மட்டும் தெரிஞ்ச வித்தைன்னு நெனைச்சுக்கிட்டிருந்தோம்.

அந்த டாகாவும் குடியுரிமை கிடையாது சார், கிரீன் கார்டும் கிடையாது. ரெண்டு வருஷம் உன்னைத் துரத்த மாட்டோம், வேலை பாத்துக்கோ, ஃபீஸ் கட்டி திரும்பப் புதுப்பிச்சுக்கோ, அவ்வளவுதான். வரி பிடிப்பாங்க, ஆனா காலேஜுக்கு மத்திய அரசு கல்விக்கடன், உதவித்தொகை எதுவும் தரமாட்டாங்க. இந்தச் சலுகையைத்தான் நீங்க பிடுங்கணும்ங்கறீங்க.

2017 செப்டம்பர்ல டிரம்ப் ஆட்சி இதை நிறுத்தறோம்னு அறிவிச்சுது. கையோட பேரம். 18 லட்சம் பேருக்கு குடியுரிமைக்கு வழி விடறேன், சுவருக்கு 2500 கோடி டாலர் கொடு, குடும்பத்தைக் கூட்டிட்டு வர்ற விசாவையும் வெட்டுன்னார். 2018 பிப்ரவரில செனட்ல ரெண்டு கட்சியும் சேர்ந்து, சுவருக்கு அவர் கேட்ட அதே 2500 கோடியைக் கொடுத்து ஒரு மசோதா கொண்டுவந்தாங்க. வீட்டோ போட்ருவேன்னு மிரட்டினார், 54 ஓட்டோட அது செத்துச்சு. அவரே ஆதரிச்ச மசோதாவுக்கு விழுந்தது 39. பணயமா வெச்சிருக்கற பொருளை யாரு சீக்கிரம் திருப்பிக் கொடுப்பா? 2020ல சுப்ரீம் கோர்ட் நிறுத்தின முறை தப்புன்னு மட்டும் 5-4ல சொல்லுச்சு, டாகா நல்லதா கெட்டதாங்கற பேச்சுக்கே போகல. அடுத்த வருஷம் டெக்சாஸ் ஃபெடரல் ஜட்ஜ் இது சட்டவிரோதம்னுட்டார், அதுலேர்ந்து புது விண்ணப்பம் வாங்கி வெச்சுக்கறாங்களே தவிர முடிச்சுக் கொடுக்கறதில்ல. இப்ப கையில டாகா இருக்கறவங்க அஞ்சு லட்சம் சொச்சம், இளைஞர்கள்னு நீங்க எழுதறீங்களே, அதுல மூத்தவங்க நாப்பதைத் தாண்டியாச்சு, அவங்க பிள்ளைங்க அமெரிக்க சிட்டிசனா ஸ்கூலுக்குப் போகுதுங்க. இன்னொரு பக்கம் 2007 ஜூனுக்கு முன்னாடியே வந்திருக்கணும்னு ஒரு கண்டிஷன், இந்த வருஷம் ஸ்கூல் முடிக்கற பேப்பர் இல்லாத பசங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருமே அதுக்கப்புறம் வந்தவங்க, நாளைக்கே கதவு திறந்தாலும் அவங்களுக்கு இடமில்ல.

இப்ப உங்க வீட்டுக்கு வருவோம். பேரப்பிள்ளை இருக்கான்னு நீங்க எழுதல, 12 வருஷம்னு சொல்றதால கேக்கறேன், இங்கயே பிறந்து கைக்குழந்தையா போன பேத்தி யாராவது உண்டா? இருந்தா அவ எச்-4ல, அதாவது எச்-1பி காரங்க குடும்பத்துக்குக் கொடுக்கற விசால இருப்பா. வேலைவாய்ப்பு வழியா வருஷத்துக்கு ஒரு லட்சத்து நாப்பதாயிரம் கிரீன் கார்டுதான், ஒரு நாட்டுக்கு நூத்துக்கு ஏழுன்னு வரம்பு, அதனாலதான் உங்க மகன் நின்னுக்கிட்டே இருக்கார். நின்னுக்கிட்டிருக்கறப்பவே அந்தப் பொண்ணுக்கு 21 முடிஞ்சா அவ மைனர் பிள்ளைங்கற கணக்குலேர்ந்து விழுந்துடுவா, ஸ்டூடண்ட் விசா எடுக்கணும், இல்ல தனக்கு நினைவே இல்லாத ஈரோட்டுக்கு வரணும். அவளுக்கு டாகா கிடைக்குமான்னா கிடைக்காது, 2012 ஜூன் 15 அன்னிக்கு சட்டபூர்வ விசா இல்லாம இருந்திருக்கணும்ங்கறது அந்தத் திட்டத்தோட விதி. ஒழுங்கா வந்ததுக்கு இதான் பரிசு! உங்க கோபத்துல இந்த இடம் நூத்துக்கு நூறு நியாயம் சார். ஆனா இந்த விதியைப் போட்டது மெக்சிகோ பொண்ணு இல்ல. அதோட, இந்தப் பசங்களுக்காகப் பேசற அதே கூட்டம் 2021 மார்ச்ல கீழ்சபைல 228-197ல பாஸ் பண்ணின மசோதாவுல எச்-1பி காரங்க பிள்ளைங்களையும் பேர் சொல்லி சேர்த்திருந்தாங்க. செனட்ல அதை ஓட்டுக்கே எடுக்கல. உங்க மகனோட வாட்ஸ்அப் குரூப்புல இது ஃபார்வர்ட் ஆகியிருக்காது.

அதனால ஒண்ணு பண்ணுங்க. அப்படி ஒரு பேத்தி இருந்தா மகனுக்கு போன் போட்டு அவரோட ப்ரையாரிட்டி டேட், அதாவது கிரீன் கார்டு லைன்ல இடம் பிடிச்ச தேதி, என்னன்னு கேளுங்க, பக்கத்துல அவளோட பிறந்த தேதியை எழுதுங்க. அமெரிக்க அரசு மாசாமாசம் போடற விசா புல்லட்டின்ங்கற அறிவிப்புல இந்தியாவுக்கு எந்த வருஷம் ஓடுதுன்னு பாத்து நீங்களே கழிச்சுப் பாருங்க. மனு நிலுவைல இருந்த நாளை வயசுலேர்ந்து குறைச்சுக்கலாம்னு 2002லேர்ந்து ஒரு சட்டம் இருக்கு, அதையும் சேர்த்துக்குங்க, பல பேருக்கு அதுல சில மாசம்தான் தேறும். வர்ற விடை 21க்கு மேல இருந்தா திரும்ப ஒரு லெட்டர் போடுங்க சார், அடுத்த இதழ்ல பிரசுரிக்கறேன்.