கணினி கேள்வி – பதில்: கன்டெய்னர் ஓடுகிறது, பக்கம் திறக்கவில்லை

கேள்வி: மாங்காய் மண்டிக்கு வரும் லோடுகளின் எடையையும் விலையையும் பதிவு செய்ய, பைத்தான் மொழியில் ஃபிளாஸ்க் என்ற வலைச் செயலிக் கட்டமைப்பைக் கொண்டு சிறிய வலைச் செயலி ஒன்றை எழுதினேன், விவரங்கள் எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பில் சேர்கின்றன. மண்டிக் கணினியில் வேறு பைத்தான் பதிப்பு இருப்பதால், செயலியையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒரே பொதியாக, டாக்கர் இமேஜாகக் கட்டினேன். அந்த இமேஜிலிருந்து இயங்கும் கன்டெய்னர் பிழையின்றி ஓடுகிறது. இமேஜைக் கட்டும் படிகளை எழுதும் டாக்கர்ஃபைலில் 5000 என்ற போர்ட்டை (இணைப்பு வாசல் எண்) எக்ஸ்போஸ் செய்தும் உலாவியில் பக்கம் திறக்கவில்லை. தவிர, ஒரு வரியை மாற்றினாலும் மறுபடி கட்ட ஐந்து நிமிடம் ஆகிறதே, ஏன்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: ஃபிளாஸ்க் இயல்பாக 127.0.0.1 என்ற முகவரியில்தான் காத்திருக்கும். 'இந்தக் கணினியே' என்று பொருள்படும் அந்த முகவரி, கன்டெய்னருக்கென்று தனி வலையமைப்பு இருப்பதால், அதற்குள் கன்டெய்னரை மட்டுமே குறிக்கிறது. ஆகவே வெளியிலிருந்து வரும் கோரிக்கை செயலியை எட்டுவதில்லை. நிரலில் ஹோஸ்ட் மதிப்பை, 'எல்லா முகவரிகளிலும் காத்திரு' என்று பொருள்படும் 0.0.0.0 என்று மாற்றுங்கள். எக்ஸ்போஸ் என்ற பெயரை நம்பி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்: அது கதவைத் திறக்காமல் வாசலில் பெயர்ப்பலகை மாட்டுவது போன்ற ஒரு குறிப்பு மட்டுமே. கன்டெய்னரை ஓட்டும் கட்டளையில் 'மைனஸ் பி' (-p) தெரிவோடு 5000:5000 என்று கொடுத்தால்தான் போர்ட் உண்மையில் திறக்கும். இடப்பக்க எண் மண்டிக் கணினியுடையது, வலப்பக்க எண் கன்டெய்னருடையது. ஆனால் அப்படித் திறந்தால் மண்டியின் வைஃபையில் இருக்கும் பிறரும் பக்கத்தைப் பார்க்க நேரலாம். அது வேண்டாமெனில் 127.0.0.1:5000:5000 என்று கொடுங்கள்; இங்கே அந்த முகவரி மண்டிக் கணினியைக் குறிக்கும்.

ஐந்து நிமிடத் தாமதத்துக்குக் காரணம் டாக்கர்ஃபைலின் வரிசையாக இருக்க வேண்டும். டாக்கர் ஒவ்வொரு படியின் விளைவையும் சேமித்து வைத்திருந்து, ஏதேனும் ஒரு படியில் நகலெடுக்கப்படும் கோப்பு மாறியிருந்தால் அந்தப் படியையும் அதற்குப் பிந்தைய படிகள் அனைத்தையும் புதிதாகச் செய்கிறது. முழு நிரலையும் முதலில் நகலெடுத்துவிட்டுப் பிறகு பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் இன்ஸ்டால் கட்டளையை வைத்தால், ஒரு காற்புள்ளி மாறினாலும் எல்லாத் தொகுப்புகளும் மீண்டும் இறங்கும். தேவைப் பட்டியலான ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பை மட்டும் முதலில் நகலெடுத்து, தொகுப்புகளை நிறுவி, அதன் பின்னரே நிரலைக் கொண்டுவாருங்கள். அடிப்படை இமேஜுக்கு 'லேட்டஸ்ட்' என்று எழுதாமல் பதிப்பெண்ணைக் குறிப்பிடுங்கள். இல்லையேல் பதிப்புச் சிக்கல் வேறு வழியில் திரும்பி வரும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை தருகிறது. எஸ்கியூலைட் கோப்பு கன்டெய்னருக்குள் இருந்தால், புதிய இமேஜை ஓட்டுவதற்காகப் பழைய கன்டெய்னரை நீக்கும் நாளில் அதுவரை பதிந்த எடைச் சீட்டுகள் அனைத்தும் அதனுடன் அழியும். அக்கோப்பு இருக்கும் கோப்புறையை, கன்டெய்னரை நீக்கினாலும் அழியாத சேமிப்பிடமான ஒரு வால்யூமில் வையுங்கள். இமேஜுக்குள் சென்றுவிடாதபடி டாக்கர்இக்னோர் கோப்பிலும் அதன் பெயரைச் சேருங்கள். கடவுச்சொல் இருக்கும் கோப்புக்கும் இதுவே விதி. ஒரு படியில் நகலெடுத்து அடுத்த படியில் அழித்தாலும், முந்தைய படி உருவாக்கிய இமேஜ் அடுக்கில் அது அப்படியே இருக்கும்.

ஃபிளாஸ்க்குடன் வரும் சர்வர் சோதனைக்கானது. அன்றாடப் பயன்பாட்டுக்கு குனிகார்ன் என்ற சர்வர் ஏற்றது. அதுவும் இயல்பாக 127.0.0.1 முகவரியையே பிடிப்பதால், பைண்ட் மதிப்பை 0.0.0.0:5000 என்று கொடுக்க மறவாதீர்கள். சித்திரையில் வரத்து கூடுவதற்கு முன், சோதனைக்கு இரண்டு சீட்டுகளைப் பதிந்து, கன்டெய்னரை நீக்கி மீண்டும் ஓட்டி, அவை இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.