ராமநாதபுரத்தில் ஏது மலை?

கேள்வி: எனக்கு 17 வயது. சின்னப் பிள்ளையில் நாள் முழுக்கப் படம் வரைவேன். பள்ளிப் போட்டிகளில் இயற்கைக் காட்சி வரைந்து பரிசும் வாங்கியிருக்கிறேன். இப்போது போனைப் பார்த்து நடிகர், நடிகை முகங்களைப் பென்சிலில் வரைகிறேன். லைக் வருகிறது, எனக்குத்தான் பிடிக்கவில்லை. சொந்தமாக வரைய உட்கார்ந்தால் கை ஓடுவதே இல்லை. திறமை போய்விட்டதா? 'பிளஸ் டூ நேரத்தில் இது எதுக்கு' என்று அம்மா வேறு சத்தம் போடுகிறார்.
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: திறமை எங்கேயும் போகவில்லை. உங்கள் கண் வளர்ந்துவிட்டது, கை இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. ஏழு வயதில் படத்தில் இருந்த தப்பு உங்களுக்குத் தெரியாது, இப்போது தெரிகிறது. பிடிக்கவில்லை என்கிறீர்களே, அதுவே நல்ல சேதி.

பரிசு வாங்கிய படங்களில் என்ன இருந்தது? இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு, ஓரத்தில் குடிசை. சரிதானே? ராமநாதபுரம் கடற்கரையில் ஏது மலை? ராமேஸ்வரத்தில் கந்தமாதன பர்வதம் என்று கும்பிடுகிறோமே, அதுகூட மணல்மேடுதான். பார்க்காததை வரையப் பழக்கி, அதற்குப் பரிசும் கொடுத்த பெரியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். இப்போது அதே வேலையைப் போன் செய்கிறது. வெளிச்சம், நிழல், கோணம் எல்லாவற்றையும் கேமரா முடிவு செய்துவிடுகிறது. உங்களுக்கு மிச்சம் பென்சிலைத் தேய்ப்பதுதான். கை பழகும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எதை எடுப்பது, எதை விடுவது என்பது அதில் வராது. சொந்தமாக உட்காரும்போது கை நின்றுபோவது அதனால்தான்.

கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஒரு வல்லத்தின் (மீன்பிடிப் படகு) முன்னால் போய் உட்காருங்கள். முழு வல்லம் வேண்டாம், அணியம், அதாவது படகின் முன்முனை, மேலே எழும்புகிற அந்த வளைவு மட்டும் போதும். நேரே நின்று பார்த்தால் ஒரு மாதிரி, இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் வேறு மாதிரி இருக்கும். பலகைகளின் கோடுகள் முன்பக்கம் வர வர நெருங்கும். எளிதில் பிடிபடாது. ரப்பரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தப்பான கோட்டின் மேலேயே சரியானதைப் போடுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம், போனில் போடவே வேண்டாம்.

அப்புறம் ஒரு நாள் ராமநாதபுரம் அரண்மனைக்குப் போய் ராமலிங்க விலாசத்தின் சுவர்களைப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். ராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதி மன்னருக்குச் செங்கோல் தருகிறாள். இன்னொரு பக்கம் தஞ்சை மராட்டியரோடு போர். பெரும்பாலும் கோடும் தட்டை வண்ணமும்தான். நீங்கள் மெனக்கெட்டுத் தேய்க்கிற நிழலை நம்பி அந்த முகங்கள் நிற்கவில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. ஓவியத்திலேயே பட்டம் வாங்கலாம். அதற்கும் பிளஸ் டூ தேவை என்பதால் அவர் சத்தம் போடுவதிலும் நியாயம் இருக்கிறது. பாடத்தை ஒழுங்காகப் படியுங்கள். சாயங்காலம் அரை மணி நேரம் கரைக்குப் போக அவரிடம் அனுமதி கேளுங்கள்.