‘எனக்கு மட்டும் ஏன் இப்படி?’

கேள்வி: எனக்கு வயது 46. ஐந்து மாதங்களுக்கு முன் வேலை போய்விட்டது. வீட்டுக் கடன் இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். தினமும் விடியற்காலை நாலு மணிக்கு நெஞ்சு படபடக்க விழித்துக்கொள்கிறேன். இசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்றே மனம் ஓடுகிறது. போன் அடித்தால் எடுக்கப் பயமாக இருப்பதால் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். “உங்களையே நினைச்சுப் பரிதாபப்பட்டது போதும்” என்கிறார் மனைவி. இது வியாதியா, என் பலவீனமா?

பதில்: இதயத்தைப் பார்த்துவிட்டீர்கள், நல்லது. தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் கூடவே பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு இதே மாதிரி படபடக்கலாம். எல்லாம் மனசுதான் என்று நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது.

அவையும் சரியாக இருந்தால், நாலு மணி விழிப்புக்குக் காரணம் சொல்வது கடினமில்லை. பின்னிரவில் தூக்கம் மேலோட்டமாகிவிடும். கார்டிசால் என்ற ஹார்மோனும் விடிவதற்கு முன்பே ஏறத் தொடங்கும். கவலையில்லாதவர் இந்த நேரத்தில் புரண்டு படுத்துத் தூங்கிவிடுவார். உங்களுக்கோ கண் திறந்ததும் கடன் நினைவுக்கு வருகிறது. உடனே அட்ரினலின் என்ற பதற்ற ஹார்மோன் சுரக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. எதிரில் நிற்கும் ஆபத்துக்கும் அடுத்த மாதத் தவணைக்கும் உடம்பு வித்தியாசம் பார்ப்பதில்லை.

அந்த நேரத்தில் மனதோடு வாதாடிப் பயனில்லை, உடம்பைத்தான் முதலில் அடக்க வேண்டும். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் செய்யுங்கள். மூச்சை நீட்டி விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு துடிப்பைக் குறைக்கும். முதல் நாளே பலன் தெரியாது, பகலிலும் பழகுங்கள். இருபது நிமிடம் போலக் கடந்தும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வேறு அறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், தூக்கம் சொக்கும்போது படுக்கைக்குத் திரும்பலாம். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். கடன் கணக்கை அப்போது கையில் எடுக்கவே வேண்டாம். அதற்கென்று மாலையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள், பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து கவலைப்படுங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால், ‘சரி, சாயங்காலம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுங்கள். கேட்பதற்கு விளையாட்டாக இருக்கும், ஆனால் உளவியல் சிகிச்சையில் பல ஆண்டுகளாகவே பயன்படும் முறை இது.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது அந்தக் கவிழ்த்து வைத்த போன்தான். அழைப்பைத் தவிர்த்ததும் ஒரு நிம்மதி வருகிறது அல்லவா? அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. எடுக்காததால்தான் தப்பித்தோம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை அடிக்கும்போது பயம் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். எனவே எடுக்காமல் விட்ட அழைப்புகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி, பயம் குறைவானதிலிருந்து வரிசைப்படுத்துங்கள். முதல் நாள், பணம் கேட்காத ஒரு பழைய நண்பருக்குப் பேசுங்கள். கடன் கொடுத்தவர்களின் முறை வரும்போது பேச வேண்டியதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ‘வேலை இல்லை. இப்போதைக்கு இவ்வளவுதான் கட்ட முடியும். தவணையை மாற்றி அமைக்க வழி இருக்கிறதா?’ பார்த்து வாசித்தாலும் தப்பில்லை. பேசுவதற்கு முன் என்ன நடக்கும் என்று பயந்தீர்கள், பேசிய பிறகு என்ன நடந்தது, இரண்டையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

அடுத்தது சுயபரிதாபம். உங்கள் மனைவி சொன்னதில் பாதிதான் சரி. வேலை போனது நிஜமான இழப்பு, அதற்காக வருந்துவதும் அழுவதும் இயல்பு. ஆனால் துக்கம் அலையலையாக வரும், நடுநடுவே தணியும். ‘எனக்கு மட்டும் ஏன்’ என்பது விடாது, ஏனென்றால் அதற்குப் பதில் கிடையாது. ‘இப்படிப் புலம்புகிறேனே, நானெல்லாம் ஒரு மனுஷனா’ என்று உங்களையே திட்டிக்கொள்வதும் அதே சுழலில் இன்னொரு சுற்றுதான். எண்ணத்தை நிறுத்தப் போராடாதீர்கள், ‘மறுபடி அது வந்துவிட்டது’ என்று கவனித்துவிட்டு எழுந்து ஏதாவது ஒரு வேலையில் கை வையுங்கள். மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திருந்தால் நாள்தான் போகும். செய்யச் செய்யத்தான் மனசு பின்னால் வரும். காலையில் ஒரே நேரத்தில் எழுவது, குளித்து உடை மாற்றுவது, அரை மணி நேரம் வெளியே நடப்பது, இதற்கு மேல் இப்போது பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். இந்த ஐந்து மாதம் உங்கள் மனைவிக்கும் ஐந்து மாதம்தானே? அவருக்கு எதை நினைத்துப் பயம் என்று கேட்டிருக்கிறீர்களா? அறிவுரை சொல்லாமல், சமாதானம் செய்யாமல், ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

வியாதியா, பலவீனமா என்றால், பலவீனம் நிச்சயமாக இல்லை. பெரிய நெருக்கடிக்குப் பின் வரும் மன உளைச்சலாக மட்டும் இருந்தால், நெருக்கடி தீர்ந்து ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக, அநேகமாக எல்லா நாளும், மனச்சோர்வோ எதிலும் பிடிப்பில்லாத நிலையோ இருந்து, பசி, தூக்கம், கவனம் எல்லாம் கெட்டு, குற்ற உணர்வும் சேர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மனநல நிபுணரிடம் பேசிப் பெறும் சிகிச்சையாலும் மருந்தாலும் அதைக் குணப்படுத்தலாம். மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். ‘நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நல்லது’ என்ற எண்ணம் ஒரு முறை தலைகாட்டினாலும் நாள் கடத்தாதீர்கள், அன்றே மனைவியிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தூக்கத்துக்காக மது பக்கம் போகாதீர்கள். முதலில் தூங்கவைக்கும், அப்புறம் அதே பின்னிரவில் எழுப்பிவிடும். யாரோ கொடுத்த தூக்க மாத்திரையும் வேண்டாம், சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடக்கூடியவை அவற்றில் உண்டு.

கடிதத்தை மட்டும் வைத்து இது எந்த வகை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஐந்து மாதம் ஆகிவிட்டதால் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. போகும்போது ஒரு வாரத்துக்கு எப்போது படுத்தீர்கள், எப்போது விழித்தீர்கள் என்று எழுதி எடுத்துப் போங்கள். மனைவியும் வரச் சம்மதித்தால் கூட்டிச் செல்லுங்கள். நீங்கள் சொல்ல மறப்பதை அவர் சொல்வார்.