பெதென் எந்தப் பாம்பு? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சங்கீதம் 58:4-ல் வரும் 'செவிட்டு விரியன்' எபிரேயத்தில் என்ன?

பெதென். பழைய ஏற்பாட்டில் ஆறே தடவைதான் வருகிறது: உபாகமம் 32:33, யோபு 20:14, 20:16, சங்கீதம் 58:4, 91:13, ஏசாயா 11:8. கொடிய விஷம், வளையில் வாசம், பாம்பாட்டி ஊதுகிற பாம்பு, அந்த வசனங்கள் தருகிற அடையாளம் இவ்வளவுதான். பாம்பாட்டி வருவதால் நாக இனம், பெரும்பாலும் எகிப்திய நாகம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

கேள்வி: ஸ்ட்ராங்ஸ் அகராதியில் (வேதாகமச் சொற்களுக்கு எண் கொடுக்கிற நூல்) பெதெனுக்கான 6620-ல் 'முறுக்குதல்' என்று வேர் இருக்கிறதே?

அது ஊகம். வழக்கில் இல்லாத வேர் என்று அங்கேயே போட்டிருக்கும். எண்ணுக்குக் கீழே உள்ள ஒரு வரியை நம்பிப் பிரசங்கம் கட்டாதீர்கள், வசனத்தைப் பாருங்கள்.

கேள்வி: பைத்தானும் பெதெனும் ஒன்றா?

இல்லை. பைத்தான் என்ற கிரேக்கச் சொல், கிரேக்க ஊரான டெல்ஃபியின் பழைய பெயரான பித்தோவோடு சேர்ந்தது.

கேள்வி: விரியன் என்பதில் என்ன தப்பு? பாலஸ்தீன விரியனும் நம் கண்ணாடி விரியனும் ஒரே பேரினம் என்கிறார்களே.

நல்ல வாதம். இன்றைய வகைப்பாட்டில் இரண்டும் டபோயாதான், இஸ்ரவேல் நாட்டில் மனிதரை அதிகம் கடிக்கிற விஷப்பாம்பும் பாலஸ்தீன விரியனே. ஆனால் யோபு 20:16-ஐப் பாருங்கள்: முதல் பாதியில் பெதென், அடுத்த பாதியில் எஃப்ஏ என்ற வேறு சொல். அரபியில் இன்றும் விரியனுக்கு அஃப்ஆ என்றுதான் பெயர். தமிழில் இரண்டு இடத்திலும் விரியன் என்று வந்துவிட்டதால் இந்த வித்தியாசமே தெரிவதில்லை.

கேள்வி: எபிரேயக் கவிதையில் ஒரே பொருளை இரண்டு பெயரில் சொல்வது வழக்கம்தானே?

வழக்கம்தான், அதனால் அந்த வசனம் மட்டும் போதாது என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாம்பாட்டி வருகிற சங்கீதம் 58-ம் சேரும்போது நாகத்தின் பக்கம்தான் எடை கூடுகிறது. இன்றைய எபிரேயத்திலும் நெகேவ் பாலைவனத்துக் கருநாகத்துக்குப் பெயர் பெதென் ஷாகோர், அது படம் எடுக்காது என்றாலும்.

கேள்வி: 6620-ன்படி...

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: ஏதேனில் இருந்தது பெதெனா?

இல்லை, நாகாஷ். பாம்புக்குப் பொதுப்பெயர்.

கேள்வி: ஏசாயா 11:8-ல் கட்டுவிரியனும் வருகிறதே?

அது வேறு சொல், சிஃப்ஓனி. கட்டுவிரியன் இஸ்ரவேல் நாட்டிலேயே கிடையாது. ஈரானிலிருந்து கிழக்கே, நம் பக்கத்தில்தான் அது வாழ்கிறது. பால்மறந்த பிள்ளை கைவைக்கிற புற்றில் விஷப்பாம்பு இருக்கிறது என்று வாசியுங்கள், போதும்.