மூன்று விலையில் வாங்கிய பங்கு: என் அடக்கவிலை என்ன?

கேள்வி: ஒரே நிறுவனத்தின் பங்கை மூன்று தடவையாக வாங்கினேன்: 400 விலையில் 10, 340 விலையில் 20, 260 விலையில் 70. மூன்று விலையையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 333 வருகிறது. புரோக்கரின் ஆப்போ சராசரி 290 என்றது. சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று 310-க்கு 40 பங்கை விற்றேன். இப்போது அதே ஆப் சராசரி 260 என்கிறது. எதைத்தான் நம்புவது?

பதில்: இரண்டு தடவையும் ஆப் சொன்னதுதான் சரி. நீங்கள் சராசரி எடுத்தது விலைகளுக்கு. எடுக்க வேண்டியது போட்ட பணத்துக்கு. 400-க்கு வாங்கிய 10 பங்கும் 260-க்கு வாங்கிய 70 பங்கும் ஒரே எடை ஆகுமா? 4,000, 6,800, 18,200 என்று மொத்தம் 29,000 போட்டிருக்கிறீர்கள். கையில் 100 பங்கு. வகுத்தால் 290. உங்கள் 333-ஐ நம்பியிருந்தால் 310-க்கு விற்பதை நஷ்டம் என்று நினைத்திருப்பீர்கள். தரகுக் கட்டணத்தையும் வாங்கும்போது பிடித்த மற்ற செலவுகளையும் 29,000-உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை மொத்தம் 145 என்றால் அடக்கவிலை 291.45 ஆகிவிடும்.

அப்புறம் அந்த 260. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். உங்கள் ஆப் ‘முதலில் வாங்கியது முதலில் விற்றது’ என்ற கணக்கில் ஓடுகிறது. விற்ற 40-இல் 400 விலைப் பங்கு 10, 340 விலைப் பங்கு 20, 260 விலைப் பங்கு 10 போய்விட்டன. மீதி 60-ம் 260-க்கு வாங்கியவை, ஆகவே சராசரி 260. கட்டணத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், விற்ற 40-இன் அடக்கம் 13,400; கைக்கு வந்தது 12,400. ஆயிரம் நஷ்டம்! சராசரி முறையில் போட்டால் இதே விற்பனை பங்குக்கு 20 வீதம் 800 லாபம். மீதி 60-இன் சராசரியும் 290-ஆகவே இருக்கும். பணம் ஒன்றுதான், கணக்குப் புத்தகம்தான் வேறு. வரிக்கு எந்த முறை என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

விற்று வந்த 12,400-ஐ 29,000-இல் கழித்து, மீதியை 60-ஆல் வகுத்து 276.67 என்று எழுதி வைப்பவர்களும் உண்டு. போட்ட பணம் திரும்ப எவ்வளவு வர வேண்டும் என்று பார்க்க அது உதவும். வாங்கிய விலை அது இல்லை.

கேள்வி: என்னிடம் 50 பங்கு, சராசரி 600. சந்தை விலை 450-க்கு இறங்கிவிட்டது. இன்னும் வாங்கிச் சராசரியைக் குறைக்க நினைக்கிறேன். எத்தனை வாங்கினால் 500-க்கு வரும்? 460-க்கே கொண்டுவர முடியுமா?

பதில்: இப்போதைய சராசரிக்கும் நீங்கள் விரும்பும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையிலிருக்கும் பங்குகளால் பெருக்குங்கள்: 100 × 50 = 5,000. விரும்பும் சராசரிக்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசமான 50-ஆல் அதை வகுத்தால் 100 பங்கு. அதாவது 30,000 போட்ட இடத்தில் இன்னும் 45,000.

460 வேண்டுமென்றால் இதே கணக்கில் 700 பங்கு வாங்க வேண்டும், 3,15,000 ஆகும். சந்தை விலையை நெருங்க நெருங்கத் தொகை இப்படித்தான் எகிறும். 450-ஐ மட்டும் எத்தனை வாங்கினாலும் தொட முடியாது. வாங்குவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள்: உங்களிடம் இந்தப் பங்கு ஒன்றுகூட இல்லை என்று வைத்துக்கொண்டால், இன்று 450 கொடுத்து வாங்குவீர்களா? மாட்டேன் என்றால் அந்த 45,000-ஐ வெளியே எடுக்காதீர்கள். பழைய 50 பங்கின் நஷ்டமான 7,500, சராசரி 500 ஆன பிறகும் அதே 7,500-தான். 150 பங்குகளுக்கு 50 வீதம் பெருக்கிப் பாருங்கள்.